வைகைக் கரைக்கு மீண்டும்

தை மாதத்தின் பிற்பகுதியில் மதுரைச் சமவெளியைக் காணக் கொடுத்து வைத்தவர்கள் பாக்கியவான்கள். கதிர் அறுத்த வயல்களில் வைக்கோற்போர்கள் எழுந்து நிற்கும். கண்மாய்களில் எஞ்சிய நீரில் கொக்குகள் ஒற்றைக் காலில் தவம் கிடக்கும். விடியற்காலைப் பனியில் பனைமரங்களின் தலைகள் மட்டும் தெரியும். களஞ்சியமும் மனமும் ஒருங்கே நிறைந்திருக்கும் அந்நாட்களில்தான் மறவ நாட்டு மண்ணில் இரத்தம் சிந்திய புனித அருளானந்தரின் திருநாளும் வருகிறது. 1693ஆம் ஆண்டு பிப்ரவரி 4ஆம் நாள் ஓரியூரில் அவர் தலை வெட்டுண்டது. அந்நாளே அவர் பெயர் தாங்கிய கோயில்களுக்கெல்லாம் பெருநாள்.

இவ்வாண்டு அத்திருநாளை முன்னிட்டு, திருப்பாசேத்திக்கும் மானாமதுரைக்கும் இடைப்பட்ட வெளியில் உள்ள ஒரு சிற்றூருக்குச் சென்று வரும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. அவ்வூரின் பெயரை இங்கே எழுதவில்லை. அதன் காரணம் கட்டுரையைப் படித்து முடிக்கையில் வாசகர்களுக்கு விளங்கும்.

1997 முதல் 2000 வரை நாம் அவ்வூரில் உதவிப் பங்குத் தந்தையாக இருந்தோம். குருப்பட்டத்தின் எண்ணெய் கையில் உலராத வயது. குருமடத்தில் இசைக்குப் பொறுப்பாளராக இருந்தவர் என்ற பெருமை வேறு. அங்கே பதினெட்டுப் பேர் கொண்ட பாடற்குழு ஒன்றை அமைத்தோம். ஆர்மோனியத்துக்கு ஒரு தொடக்கப் பள்ளி ஆசிரியர். தபேலாவுக்கு மிதிவண்டிக் கடை வைத்திருந்த இளைஞர். முதற்குரலுக்குப் பத்தாம் வகுப்புப் படித்த ஒரு சிறுமி. அச்சிறுமி பதிலுரைப் பாடலின் முதலடியை எடுத்தால், கோயிலின் கடைசி வரிசையில் தூங்கும் முதியவரும் விழித்தெழுந்து பாடுவார். பக்கத்து ஊர்க்காரர்கள் எங்கள் பாட்டைக் கேட்பதற்கென்றே ஞாயிறு பூசைக்கு வந்ததுண்டு.

சில மாதங்களுக்கு முன் அவ்வூரின் தற்போதைய பங்குத் தந்தையிடமிருந்து ஒரு மடல் வந்தது. பாடற்குழு கலைந்துபோயிற்றாம். பென்டிரைவில் பதிந்த பக்க இசையை ஒலிபெருக்கியில் ஓடவிட்டு, அதன்மேல் இரண்டு பிள்ளைகள் பாடுகிறார்களாம். மக்கள் வாய் திறப்பதே இல்லையாம். 'உங்கள் காலத்தில் கோயிலே பாடியது என்று பெரியவர்கள் இன்றும் சொல்கிறார்கள். திருநாளுக்கு நான்கு நாள் முன்னதாக வந்து, பழையவர்களைத் திரட்டி, பாடல்களை நடத்தித் தர வேண்டும்' என்று அவர் எழுதியிருந்தார். மடலைப் படித்ததும் உள்ளம் குளிர்ந்தது. அடுத்த கணமே, இருபத்தைந்து ஆண்டுகளாக நாம் மூடி வைத்திருந்த ஓர் அறையின் கதவை யாரோ தட்டுவது போலவும் இருந்தது.

* * *

மதுரைச் சந்திப்பில் நாம் இறங்கியபோது மணி ஐந்து. மல்லிகைக் கூடைகளைச் சுமந்துகொண்டு பெண்கள் விரைந்து கொண்டிருந்தனர். பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு கிழக்கு நோக்கி நடந்தோம். மதுரையை அறிய நடப்பதைவிடச் சிறந்த வழி இல்லை. அங்கயற்கண்ணி கோயிலைச் சுற்றி ஆடி, சித்திரை, ஆவணி, மாசி என்று மாதப் பெயர்களைத் தாங்கிய வீதிகள் ஒன்றையொன்று சூழ்ந்து கிடக்கின்றன. எல்லாவற்றுக்கும் வெளியே வெளி வீதிகள். அவை ஒரு காலத்தில் கோட்டை மதில் நின்ற இடங்கள். 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் பிளாக்பர்ன் என்ற ஆட்சியர் நகரம் மூச்சு விடட்டும் என்று மதிலை இடித்து வீதியாக்கினார். அவர் நினைவாக எழுந்த விளக்குத்தூண் இன்றும் நிற்கிறது. மதிலை இடித்தவனை மக்கள் விளக்கேற்றி நினைக்கிறார்கள் என்பதை அன்று காலை ஏனோ கூடுதலாகவே எண்ணிப் பார்த்தோம்.

கீழவெளி வீதியில் வியாகுல அன்னையின் பேராலயம் தன் இரட்டைக் கோபுரங்களோடு விடியலை எதிர்கொண்டிருந்தது. 1938இல் மதுரை மறைமாவட்டமும் 1953இல் உயர் மறைமாவட்டமும் ஆனதிலிருந்து இதுவே ஆயரின் இருக்கை. காலைப் பூசையில் கலந்துகொண்டு, ஒரு தூணருகே அமர்ந்து, இம்மாநகரில் நம் வேதம் நடந்துவந்த வழியை நினைத்தோம். 1606இல் இங்கு வந்த இராபர்ட் தெ நொபிலி தமிழகத் துறவியின் கோலம் பூண்டார். தமிழையும் வடமொழியையும் கற்றார். சந்தனமும் குடுமியும் பூணூலும் கிறிஸ்தவனுக்கு ஆகுமா என்ற வழக்கு உரோமாபுரி வரை சென்றது. பரிசுத்த பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரியார் 1623 ஜனவரி 31ஆம் நாள் நொபிலிக்கு இசைவாகத் தீர்ப்பளித்தார். உயர்ந்தோர் என்று எண்ணப்பட்டவர்களின் அடையாளங்களுக்குக் கோயில் வாசல் அன்றே திறந்தது. தாழ்த்தப்பட்டோரிடம் செல்லப் பண்டாரசாமிகள் என்ற தனி வகுப்புக் குருக்கள் 1640ஐ ஒட்டித்தான் புறப்பட்டனர். அருளானந்தர் அவ்வகுப்பைச் சார்ந்தவர். ஒரே மறைப்பணிக்கு இரண்டு வாசல்கள் இருந்தன என்பதை நம் வரலாற்று நூல்கள் மெல்லிய குரலில்தான் சொல்கின்றன.

மதுரை இசையின் நகரமும்கூட. எம். எஸ். சுப்புலட்சுமி அம்மையார் 1916இல் பிறந்தது இங்கேதான். டி. எம். சௌந்தரராஜன் இம்மண்ணின் மைந்தர். நாடக உலகின் தலைமை ஆசிரியர் என்று போற்றப்படும் சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் சிறுவர்களுக்கான நாடக சபையை நிறுவியதும் இந்நகரில்தான். அந்நாடகக் கொட்டகைகளிலிருந்தே ஆர்மோனியம் சிற்றூர்களுக்குப் பரவி, நம் கோயில்களுக்குள்ளும் வந்தமர்ந்தது. அக்கருவியின் கதை வேடிக்கையானது. 1842இல் பாரீசு நகரில் தெபேன் என்பவர் அதற்கு உரிமம் பெற்றார். நம் நாட்டில் கால்துருத்தி கைத்துருத்தியாயிற்று. 'இது அந்நியக் கருவி. கமகம் பேசாது' என்று 1940இல் அகில இந்திய வானொலி அதை விலக்கி வைத்து, 1971இல்தான் தடையை ஓரளவு தளர்த்தியது. வானொலி விலக்கிய அந்த ஆண்டுகளிலும் ஆர்மோனியத்தைக் கோயிலுக்குள் வைத்து ஆராதித்தவர்கள் நாம். கடல் கடந்து வந்த கருவிக்கு நம்மிடம் இடமிருந்தது.

* * *

கீழவாசலை அடுத்த சந்து ஒன்றில் பழைய தபேலா நண்பரைக் கண்டோம். மிதிவண்டிக் கடை இப்போது கைப்பேசி பழுது பார்க்கும் கடையாகியிருந்தது. "சாமி!" என்று கூவி, கையிலிருந்த திருப்புளியைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தார். தலை முழுதும் நரைத்துவிட்டது. ஆனால் பேசும்போது மேசையின்மேல் தாளம் போடும் விரல்கள் மாறவில்லை. இட்டலியும் காப்பியும் வரவழைத்தார். ஒவ்வொருவராக விசாரித்தோம். ஒருவர் சிங்கப்பூரில், இருவர் திருப்பூரில், ஒருவர் இறைவனிடத்தில். கடைசியாக, கேட்க வேண்டியதைக் கேட்டோம்.

"ஆசான் மகள்?"

தாளம் நின்றது. "இங்கதான் சாமி, மதுரையிலதான். நர்ஸா இருக்கா. ரெண்டு பிள்ளைக. சாயங்காலம் மாதா கோயிலுக்கு வருவா."

அன்பு வாசகர்களே, இங்கே நாம் ஒரு குற்றத்தை அறிக்கையிட வேண்டியிருக்கிறது.

நம் முதற்குரல் சிறுமியின் தந்தை அப்பகுதியில் பேர்பெற்ற பறை ஆசான். கீழத்தெருவில் குடியிருந்தார். 1998ஆம் ஆண்டுத் திருநாளுக்கு ஒரு வாரம் முன்பு, ஏழெட்டுப் பேருடன் அறைவீட்டு முற்றத்தில் வந்து நின்று, "சாமி, காணிக்கைப் பவனிக்கு நாங்க உள்ள வாசிச்சுக்கிறோம். ரெண்டு மாசமாப் பழகியிருக்கோம்" என்று கேட்டார். பார்க்கலாம் என்றோம். அன்றிரவே ஊர்ப் பெரியவர்கள் சிலர் வந்தனர். "சாவு வீட்டு மேளத்தைப் பூசையில அடிக்கப் போறீங்களாமே? தேர்ச் செலவை நாங்க ஏத்துக்கிறதா இல்லையான்னு யோசிக்கணும்" என்றனர். பங்குத் தந்தை வெளியூர் சென்றிருந்தார். முடிவு நம்முடையதாயிற்று.

மறுநாள் ஆசானை அழைத்து, திருச்சபைச் சட்டத்தைக் காட்டினோம். பாப்பரசர் பத்தாம் பத்திநாதர் 1903 நவம்பர் 22ஆம் நாள் வெளியிட்ட இசைச் சட்டத்தில் பியானோவோடு முரசும் கைத்தாளமும் போன்ற பேரொலிக் கருவிகள் கோயிலுக்குள் விலக்கப்பட்டிருந்தது உண்மைதான். ஆனால் 1963 டிசம்பர் 4ஆம் நாள் இரண்டாம் வத்திக்கான் சங்கம் தந்த திருவழிபாட்டு ஏடும் நம் அலமாரியில்தான் இருந்தது. மறைபரப்பு நாடுகளின் சொந்த இசை மரபுக்கு உரிய மதிப்புத் தருக என்று அதன் 119ஆம் எண்ணும், வழிபாட்டுக்குத் தகுந்த பிற கருவிகளையும் அதிகாரம் உடையோர் இசைவுடன் ஏற்கலாம் என்று 120ஆம் எண்ணும் கூறுவது நமக்கு மனப்பாடம். அதே ஆண்டில் திருப்பலிக்குத் தபேலா அடித்துக்கொண்டிருந்தவர்களும் நாமே. ஆகவே நாம் காட்டிய சட்டம் சட்டமல்ல. அச்சத்துக்குப் போர்த்திய போர்வை. குருமடம் தந்த கல்வியை, அதைச் சரிபார்க்க வழியில்லாத ஒரு மனிதருக்கு எதிராகப் பயன்படுத்தினோம்.

ஆசான் வாதாடவில்லை. "சரி சாமி" என்றார். அத்திருநாளில் கோயில் மதிலுக்கு வெளியே, பனியில், வைக்கோலைக் கொளுத்திப் பறையைக் காய்ச்சித் தேர்ப் பவனிக்கு மட்டும் வாசித்தார். அடுத்த ஞாயிறு முதல் அவர் மகள் பாடற்குழுவுக்கு வரவில்லை. பரீட்சை நெருங்குகிறது என்று சொல்லியனுப்பினாள். நாமும் அதை நம்ப விரும்பினோம்.

* * *

அன்று மாலை பேராலய வளாகத்தில் அவரைச் சந்தித்தோம். நாற்பதைக் கடந்த முகம். பணிமுடிந்து வந்த களைப்பு. "தோத்திரம் சாமி" என்றார். நாம் தயாரித்து வைத்திருந்த சொற்களில் பாதிக்கு மேல் தொண்டையை விட்டு வரவில்லை. தவறு செய்தோம் என்று மட்டும் சொன்னோம்.

சற்று நேரம் அவர் பேசவில்லை. பிறகு, "பாட்டை விட்டதுல எனக்கு வருத்தமில்ல சாமி" என்றார். "நீங்க அப்பாவை வேண்டாம்னு சொன்னதுகூடப் பெருசில்ல, அது ஊர்ல நடக்கிறதுதான். மறுநாள் தெருவுல எங்க அப்பாவைப் பார்த்தப்ப எப்பவும் போலச் சிரிச்சீங்க பாருங்க, அதைத்தான் என்னால தாங்க முடியல."

நாம் அந்தச் சிரிப்பை மறந்தே போயிருந்தோம். கடிந்து பேசிய சொல்லை நினைவில் வைத்து வருந்துகிறோம். ஒன்றும் நடவாதது போல் சிரித்த சிரிப்பை நாம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்வதே இல்லை. திருநாளுக்கு வருவீர்களா என்று கேட்டோம். "பூசைக்கு வருவேன் சாமி. பாட மாட்டேன்" என்று சொல்லி விடைபெற்றார்.

* * *

மறுநாள் காலை மாட்டுத்தாவணியில் இராமேசுவரம் செல்லும் பேருந்தில் ஏறினோம். நகரம் பின்தங்க, வைகையும் சாலையும் உடன்பிறந்தார் போல இணைந்து செல்லும் வெளி தொடங்கியது. சிலைமான் அருகே கீழடிக்குப் பிரியும் பாதை. 2015 முதல் அகழ்ந்தெடுத்த பொருட்களுக்கு 2023இல் அங்கே அருங்காட்சியகம் திறக்கப்பட்டுள்ளது. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் இம்மண்ணில் எழுத்தறிந்த மக்கள் வாழ்ந்தனர் என்று உடைந்த பானை ஓடுகள் சாட்சி சொல்கின்றன. அடுத்துத் திருப்புவனம், தென்னந்தோப்புகள், பிறகு அரிவாளுக்குப் பேர்போன திருப்பாசேத்தி. நாம் பணியாற்றிய ஊர் ஒரு காலத்தில் மதுரை உயர் மறைமாவட்டத்தைச் சார்ந்திருந்தது. 1987இல் சிவகங்கை தனி மறைமாவட்டமாயிற்று.

வழியில் இடைக்காட்டூரில் இறங்கி இயேசுவின் திரு இருதய ஆலயத்தைச் சந்தித்தோம். பெர்தினாந்து செல் என்ற இயேசு சபைக் குருவானவர் 1894இல் பிரான்சு நாட்டு ரீம்ஸ் பேராலயத்தை மாதிரியாகக் கொண்டு எழுப்பிய கோயில் இது. கருவேல முட்களும் வயல்களும் சூழ்ந்த இச்சமவெளியில் கூர்முனை வளைவுகளும் வானதூதர் சிலைகளுமாக அது நிற்பதைக் காண்போர் வியப்பர். 1914 செப்டம்பரில் செருமானியக் குண்டுகளால் ரீம்ஸ் பேராலயம் தீப்பற்றி எரிந்தபோது, அதன் சாயலில் எழுந்த இக்கோயிலில் மக்கள் அமைதியாகச் செபமாலை சொல்லிக்கொண்டிருந்திருப்பார்கள். ஐரோப்பிய அரசர்கள் முடிசூடிய கோயிலின் வடிவத்தை நம் உழவர்கள் அந்நியமென்று தள்ளவில்லை. செங்கல்லும் சுண்ணாம்பும் சுமந்து தங்களுடையதாக்கிக் கொண்டார்கள்.

இன்னும் சில கல் தொலைவில் மானாமதுரை. அங்கே குயவர் தெருவில் பிறக்கும் கடம் உலகின் இசை மேடைகளில் ஒலிக்கிறது. 2023இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. வைகைச் சமவெளியின் களிமண் சபையேறிவிட்டது. அதே சமவெளியின் தோல் மட்டும் நெடுங்காலம் வாசலிலேயே நின்றது. இத்தனைக்கும் தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருளை வகுக்கும்போது தெய்வம், உணவு, மரம், பறவை என்பவற்றோடு பறையையும் சேர்த்தே வைத்தது. நம் வேதநூலோ செங்கடலைக் கடந்த மிரியாமின் கையில் தோற்கருவியைக் கொடுத்தது. 150ஆம் திருப்பாடல் அதையும் கைத்தாளத்தையும் ஆண்டவரின் தூயகத்துக்கே அழைத்தது.

* * *

ஊரில் ஆர்மோனிய ஆசிரியர் வாசலில் காத்திருந்தார். பணி ஓய்வு பெற்றுப் பல ஆண்டுகள் ஆகின்றன. கண்புரை நீக்கிய கண்களுக்குக் கறுப்புக் கண்ணாடி. நம் கைகளைப் பற்றிக்கொண்டு அழுதார். பெட்டியைத் திறந்து துருத்தியை அசைத்தார். இரண்டு கட்டைகள் ஊமையாயிருந்தன. "எலி கடிச்சிருச்சு சாமி. அந்த ரெண்டு சுரத்தையும் தொண்டையில பாடிக்கலாம்" என்றார். இரவு பேசிக்கொண்டிருக்கையில் அவராகவே சொன்னார்: "அன்னைக்கு நீங்க ஆசானை அனுப்பினப்ப நானும் பக்கத்துலதான் நின்னேன். ஒரு வார்த்தை பேசல. உங்களுக்குச் சின்ன வயசு. எனக்கு அப்பவே நாற்பது."

மறுநாள் காலை பங்குத் தந்தையுடன் கீழத்தெருவுக்குச் சென்றோம். ஆசானுக்கு எழுபது கடந்துவிட்டது. திண்ணையில் கட்டிலில் அமர்ந்திருந்தார். கைகள் நடுங்கின. பக்கத்தில் கல்லூரியில் பயிலும் பேரன் ஒரு பறைக்குத் தோல் இழுத்துக்கொண்டிருந்தான். வேப்பமரச் சட்டம், கன்றின் தோல், புளியங்கொட்டைப் பசை. வலக்கைக்குத் தடித்த அடிக்குச்சி. இடக்கைக்கு மெலிந்த சிண்டுக்குச்சி. நாம் மன்னிப்புக் கேட்டோம். பேரன் வேலையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தான்.

ஆசான் நெடுநேரம் கழித்துப் பேசினார். "அன்னைக்குப் பனி அதிகம் சாமி. உள்ள இருந்தவுகளுக்குக் குளிர்ந்திருக்கும். வெளிய எங்களுக்கு நெருப்பாவது இருந்துச்சு" என்று சொல்லிச் சிரித்தார். அச்சிரிப்பில் கசப்பு இருந்ததா என்று நம்மால் அறியக்கூடவில்லை. இருந்திருந்தால் அதற்கு அவருக்கு உரிமை உண்டு. பிறகு பேரனைக் காட்டினார். "அலங்காநல்லூர் வேலு ஆசானுக்குப் பத்மசிறீ குடுத்தாக. ஊர் ஊரா மேடை போட்டு எங்க ஆட்டத்தைக் கூப்பிடுறாக. கூப்பிடாத இடம் நம்ம கோயில் ஒண்ணுதான்."

"அதற்காகத்தான் வந்திருக்கிறோம்" என்றோம்.

"சரி சாமி" என்றார். 1998இல் கேட்ட அதே இரண்டு சொற்கள். அன்று அவற்றை எளிதாக வாங்கிக்கொண்டோம். இன்று அவை கனத்தன.

பங்குப் பேரவை அன்று மாலை கூடியது. பெரும்பாலோர் இசைந்தனர், இருபத்தைந்து ஆண்டுகளில் உலகம் மாறித்தான் இருக்கிறது. 2003 நவம்பரில் தமிழக ஆயர்களிடம் பேசுகையில், கிறிஸ்தவர்களிடையே சாதி வேற்றுமையின் சாயல்கூட நற்செய்திக்கு எதிர்ச்சாட்சி என்ற கருத்தைத் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் வலியுறுத்தினார். 2016இல் இந்திய ஆயர் பேரவை தலித் மக்களின் மேம்பாட்டுக்கெனத் தனிக் கொள்கையே வெளியிட்டது. பறை இன்று தமிழகத்தின் பல கோயில்களில் திருப்பலியில் முழங்குகிறது. மதுரை அரசரடியிலுள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றிய தியாப்பிலஸ் அப்பாவு என்ற சீர்திருத்த சபைப் போதகர், 2005இல் மறையும் வரை, நாட்டுப்புற இசையிலேயே வழிபாடு அமைக்க உழைத்தார். 'பரட்டை' என்று அன்புடன் அழைக்கப்பட்ட அவரது பாடல்களை நம்மவர் பலரும் அறிவர்.

ஆயினும் ஒரு முதியவர் எழுந்தார். அன்று தேர்ச் செலவைப் பற்றிப் பேசியவர்களில் எஞ்சியிருப்பவர். "எல்லாம் சரி சாமி. சாவு மேளம் சாவு மேளந்தானே?" என்றார்.

1998இல் சொல்லியிருக்க வேண்டிய பதிலை இப்போது சொன்னோம்: "ஐயா, பீடத்தில் நாங்கள் நாள்தோறும் நினைவுகூர்வதும் ஒரு சாவைத்தானே? ஊருக்கு வெளியே, மதிலுக்கு அப்பால், குற்றவாளிகளோடு குற்றவாளியாய் நடந்த சாவு. அதற்கு வாசிக்க இவர்களைவிடப் பொருத்தமானவர் யார்?" அவர் மறுமொழி சொல்லாமல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியேறினார். நம் பதில் சரியானதே. ஆனால் சரியான பதில் இருபத்தைந்து ஆண்டு தாமதித்து வந்தால் அதற்கு வலு குறைந்துவிடுகிறது.

* * *

மூன்று இரவுகள் பழகினோம். பென்டிரைவுக்கு ஓய்வு கொடுத்தோம். எளிய தெம்மாங்கு மெட்டுகளாகத் தெரிந்தெடுத்து, ஒவ்வோர் அடியையும் மக்கள் திருப்பிப் பாடும்படி அமைத்தோம். தபேலா நண்பர் மதுரையிலிருந்து நாள்தோறும் மாலைப் பேருந்தில் வந்தார். ஆர்மோனியமும் பறையும் முதல் நாள் ஒன்றோடொன்று சண்டையிட்டன. பறையின் வீச்சில் ஆர்மோனியம் மூழ்கிப்போயிற்று. இரண்டாம் நாள் பேரன் ஒரு வழி கண்டான். மக்கள் பாடும் இடங்களில் மட்டும் நான்கு பறைகளும், தனிக்குரல் வரும் இடங்களில் ஒரே பறை சிண்டுக்குச்சியால் மட்டும் மெல்ல ஒலிப்பது என்று வகுத்தான். நாம் குருமடத்தில் கற்றதைவிட அந்த இளைஞனின் காது கூர்மையானது.

ஒரு சிக்கல் எஞ்சியது. பனிக்காலத்தில் தோல் தளர்ந்துவிடும். பூசைக்கு நடுவே காய்ச்சியாக வேண்டும். நெருப்புக்கு எங்கே போவது? மீண்டும் மதிலுக்கு வெளியேதான் செல்ல வேண்டுமா? அப்போது கோயிற்பிள்ளை சொன்னார்: "சக்கிரிஸ்து பின்வாசல்ல தூபத்துக்குக் கரி மூட்டுறோமே சாமி, அதைக் கொஞ்சம் பெருசா மூட்டினாப் போச்சு."

அவ்வாறே திருநாளன்று தூபக் கலசத்துக்கு எடுத்த அதே நெருப்பில் பறைகள் காய்ந்தன. ஒரு பீடச் சிறுவன் இடுக்கியால் கனலை எடுத்துக் கலசத்தில் இட, அவனருகிலேயே பேரன் பறையைத் திருப்பித் திருப்பிக் காட்டி விரலால் சுண்டிப் பார்த்தான். இரண்டு புகையும் ஒன்றாய்க் கலந்தன.

காணிக்கைப் பவனி தொடங்கியது. முதல் அடி ஆசானுடையது. நடுங்கும் கையால் ஒரே ஒரு முறை அடித்துவிட்டுக் குச்சியைப் பேரனிடம் கொடுத்தார். பிறகு நால்வரும் முழக்க, புது நெல்லும் கரும்பும் அப்பமும் இரசமும் கீழத்தெரு, மேலத்தெரு என்ற பேதமின்றிக் கைமாறிக் கைமாறிப் பீடத்தை வந்தடைந்தன. மக்கள் பாடினார்கள். பாடவைக்க நாம் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. கையை உயர்த்தினோம், அவ்வளவே. அந்தத் தாளம் அவர்கள் உடம்பில் ஏற்கெனவே இருந்தது.

எல்லாம் இனிதே முடிந்தது என்று எழுதினால் அது பொய்யாகும். துண்டை உதறிச் சென்ற முதியவர் கடைசி வரிசையில் அமர்ந்திருந்தார். பூசை முழுதும் அவர் உதடுகள் அசையவில்லை. இரண்டு குடும்பங்கள் வரவேயில்லை. ஆசான் மகள் தம் பிள்ளைகளுடன் தாய்மார் பகுதியின் நடுவே, ஒலிபெருக்கியிலிருந்து வெகு தொலைவில் அமர்ந்திருந்தார். பதிலுரைப் பாடலின்போது நாம் அப்பக்கம் பார்க்கவில்லை. பார்க்கும் உரிமை நமக்கில்லை என்று தோன்றியது. ஆனால் மக்கள் மறுமொழி பாடியபோது, நூற்றுக்கணக்கான குரல்களுக்கிடையே ஒரு குரல் இரண்டாம் அடியின் முடிவில் சற்று மேலெழுந்து இறங்கியது. ஆர்மோனிய ஆசிரியர் கறுப்புக் கண்ணாடியோடு நம் பக்கம் திரும்பித் தலையசைத்தார். அவருக்கும் கேட்டிருக்கிறது.

* * *

திரும்பும் பேருந்தில் வைகையைப் பார்த்துக்கொண்டே வந்தோம். வருசநாட்டு மலையில் பிறக்கும் இந்நதி பெரும்பாலும் கடலைச் சேர்வதில்லை. வழியெங்கும் கண்மாய்களை நிரப்பிவிட்டு மண்ணிலேயே அடங்கிவிடுகிறது. நாம் செய்த தவற்றுக்கான பரிகாரமும் அப்படித்தான், முழுமையை அடையாமலே போகலாம். வழியில் ஒன்றிரண்டு கண்மாய்களாவது நிரம்பினால் இறைவனுக்கு நன்றி.

வாசக அன்பர்களே, உங்கள் பங்கிலும் பாடற்குழு இருக்கும். ஒலிபெருக்கியும் மின்னிசைப் பெட்டியும் புதிதாக வாங்கியிருப்பீர்கள். அடுத்த ஞாயிறு ஒரு முறை எண்ணிப் பாருங்கள்: யாருடைய குரல் அங்கே இல்லை? யாருடைய கருவி மதிலுக்கு வெளியே நிற்கிறது? அவர்கள் தாமாக விலகிவிட்டார்கள் என்று நமக்கு நாமே சொல்லிக்கொள்வது எளிது. பரீட்சை என்று சொல்லியனுப்பிய ஒரு சிறுமியை நாமும் அப்படித்தான் நம்பினோம். அவர்கள் வீட்டுத் திண்ணை கோயிலிலிருந்து வெகு தொலைவில் இல்லை; கூப்பிடு தூரந்தான். அருளானந்தர் இலிஸ்பன் நகரிலிருந்து ஓரியூர் வரை வந்தார். நாம் கீழத்தெரு வரை செல்ல நமக்கு இருபத்தைந்து ஆண்டுகள் பிடித்தன. நீங்கள் அவ்வளவு காலம் தாழ்த்த வேண்டாம்.